தன் பெட்டியிலேயே தோற்றவர்: புதுச்சேரியில் மூன்று நாள்

எங்கள் பண்ணுருட்டி வியாபாரிகள் சங்கத்துத் தேர்தலில் ஓட்டுப் பெட்டி கிணற்றுக்குள் போய்விட்டது. தானாக விழுந்ததா, யாராவது தள்ளினார்களா என்பதில் இன்றுவரை ஊரில் இரண்டு கட்சி. மறுபடி தேர்தல் வைப்பதென்று முடிவானபோது, புதுச்சேரியில் ஒருவர் மணியடிக்கும் ஓட்டுப் பெட்டி செய்திருக்கிறாராம், போய்ப் பார்த்து வரலாமே என்று ஒரு பேச்சு வந்தது. மணிலாக்கொட்டை விஷயமாக எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. ஆகவே என்னையே அனுப்பினார்கள். 1934, சித்திரை மாதம். புதுச்சேரி பார்க்க நல்ல காலம் தையும் மாசியும்தான். சித்திரை வெயிலில் போவது என்னைப்போல வேலை இருப்பவர்களுக்கு.

பண்ணுருட்டியில் காலை ஆறரைக்கு ரயில் ஏறினேன். விழுப்புரம் பதினைந்து மைல். அங்கே இறங்கி, புதுச்சேரிக் கிளை வண்டிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஸ்டேஷனிலேயே இட்டிலி சாப்பிட்டுவிடுங்கள், வழியில் ஒன்றும் கிடைக்காது. அங்கிருந்து இருபத்துநான்கு மைல். மூன்றாம் வகுப்புக்கு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டணா ஆயிற்று. எல்லை தாண்டும்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சோதனையெல்லாம் திரும்பும்போதுதான். அதனால் சீமைச் சரக்குப் புட்டிகள் மலிவாக இருக்கிறதே என்று யாரும் ஆசைப்பட வேண்டாம்.

புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கியதும் புஷ்புஷ் வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். புஷ்புஷ் என்பது நாற்காலிக்குச் சக்கரம் வைத்தது மாதிரி ஒரு வண்டி. ஆள் பின்னாலிருந்து தள்ளுவான். முன்னால் இருக்கும் இரும்புக் கம்பியைப் பிடித்து, வண்டியைத் திருப்ப வேண்டியவர் உட்கார்ந்திருக்கும் நாம்தான். காசையும் கொடுத்து வேலையையும் செய்கிறோமே என்று முதலில் தோன்றும். பழகிவிட்டால் சுகம். என் வண்டிக்காரர் மாணிக்கம், கடற்கரையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, பெட்டி செய்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதாக மூன்றணா பேசினார். வாய்க்கால் பாலத்தின் மேலேறி இறங்கும்போது வண்டி வேகமெடுத்தது. நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"காலுகிட்ட ஒரு கட்ட இருக்குது பாருங்க, அத மிதிங்க அய்யா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மிதித்தேன். வண்டி முனகிக்கொண்டு நின்றது.

"இது நல்லாயிருக்கே, யார் வைத்தது?" என்றேன்.

"நீங்க பாக்கப் போறீங்களே, அந்த முசே இஞ்ஞாசிதான். முன்னல்லாம் எறக்கத்துல வண்டி எங்களயும் இழுத்துக்கிட்டுப் போயிரும். எம் மச்சானுக்குக் கால் ஒடிஞ்சிது. அதப் பாத்துட்டுத்தான் இந்தக் கட்டயப் பண்ணாரு. இப்ப ஊர்ல அத்தன வண்டியிலயும் இருக்குது."

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். புதுச்சேரியில் துரைக்கும் அதுதான், பட்டறைக்காரருக்கும் அதுதான்.

இஞ்ஞாசி வீடு சம்பா கோயில் என்னும் மாதா கோயிலுக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளி. முன்பக்கம் வீடு, பின்பக்கம் பட்டறை. வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார். அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு அவருடைய வட்டாரத்தில் நகரசபைத் தேர்தல் என்பதும், அதில் அவரே நிற்கிறார் என்பதும் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கெட்ட நேரத்தில் வந்துவிட்டோமே என்று திரும்பப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"பெட்டி பாக்க வந்தவர வெறுங்கையோட அனுப்பினா நல்லாவா இருக்கும்? உள்ள வாங்க. ஓட்டு கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சி."

அன்று பகல் முழுக்க அவரோடும் அவர் மனைவி மதலேனம்மாளோடும் பேசிக்கொண்டிருந்ததில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாக எழுதுகிறேன். தகப்பனார் கயிறு திரிப்பவர். இவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆலையில் எண்ணெய் போடும் வேலைக்குப் போனார். இயந்திரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. கப்பலில் வந்து குப்பைக்குப் போகும் இயந்திர விலைப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து, கீழே இருக்கும் சொல் இன்னதாகத்தான் இருக்கும் என்று ஊகித்தே பிரெஞ்சு படித்திருக்கிறார். "அதனாலதான் இவருக்குப் பல்சக்கரத்துக்கு பிரெஞ்சு தெரியும், மாம்பழத்துக்குத் தெரியாது" என்றார் மதலேனம்மாள்.

ஆலையில் நூல் அறுந்த தறியைக் கையால் நிறுத்தப்போய் விரல் போனவர்கள் அநேகம். நூல் அறுந்தால் தறி தானே நிற்கும்படி இவர் ஒரு கொக்கி செய்தார். ஆலைக்காரர்கள் முதலில் வேண்டாமென்றார்கள். தறி அடிக்கடி நின்றால் துணி குறையும் என்று பயம். இவர் ஒரே ஒரு தறியில் மட்டும் வைக்க அனுமதி கேட்டு வாங்கினார். மாதம் முடிந்தபோது அந்தத் தறியில்தான் துணி அதிகம். கையை வெட்டிக்கொள்ளப் போகிறோமே என்ற பயமில்லாமல் வேலை செய்தவன் வேகமாகச் செய்திருக்கிறான். அதற்குப் பிறகு எல்லாத் தறிக்கும் கொக்கி வந்தது. தொழிலாளிகள் தங்களுக்காகப் பேச இவரையே அனுப்ப ஆரம்பித்தார்கள். அப்படியே நகரசபைக்கும் அனுப்பினார்கள். அங்கே உறுப்பினரைக் கொன்சேயே என்பார்கள், நகரசபைக் கட்டிடம் மேரி. இவர் கொன்சேயேயாக இருந்தபோது ஆலையாட்களுக்கு மாலைப் பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. சந்தைக்குக் கூரை வந்தது. கூட்டத்தில் இரண்டு கட்சியும் நாற்காலியைத் தூக்கும் நிலைக்கு வந்தபோது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசிச் சமாதானம் செய்துவைப்பவர் என்று எதிர்க்கட்சிக்காரர்களே எனக்குப் பிறகு சொன்னார்கள்.

பெட்டி எப்படி வந்தது என்பதை அவரே சொன்னார். போன தேர்தலில் இவருக்குப் பெரிய வெற்றி. எண்ணிப் பார்த்தால் ஓட்டுப் போட்டவர்களைவிடச் சீட்டு அதிகம். யாரோ கட்டுக்கட்டாகத் திணித்திருக்கிறார்கள், அதுவும் இவருக்காக. தோற்றவர் கத்தினார், யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து இவரே சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துத் தன் வெற்றியை ரத்து செய்யச் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்குத்தான் இப்போது மறுபடி தேர்தல். அதன் பிறகு பட்டறையில் உட்கார்ந்து செய்ததுதான் இந்தப் பெட்டி.

கனமான இரும்புப் பெட்டி. மேலே ஒரு வாய், ஒரு சீட்டு நுழையும் அகலம்தான். பக்கத்தில் ஒரு பிடி. பிடியை இழுத்தால் வாய் திறக்கும், சீட்டு விழும், வாய் மூடும், மணி ஒன்று அடிக்கும், முன்னால் கண்ணாடிக்குள் எண் ஒன்று ஏறும். பூட்டு இரண்டு. கட்சிக்கு ஒரு சாவி. செய்தவரே தேர்தலிலும் நிற்கிறாரே, எப்படி நம்புவது என்று எதிர்த்து நின்ற மரக்கடை தணிகாசலம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அவருடைய ஆளே ஒரு நாள் முழுக்கப் பெட்டியைக் கழற்றிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டாராம். அன்று மாலை பெட்டி மேரிக்குப் போய் முத்திரை வைக்கப்பட வேண்டும்.

நாலு மணி வாக்கில் ஒருவர் வந்தார். பெயர் தம்புசாமி. கப்பல் சரக்கைப் படகில் இறக்கும் குத்தகைக்காரர், இஞ்ஞாசியின் கட்சியில் பெரிய கை. படகாட்கள் ஐம்பது அறுபது பேர் அவர் சொன்னபடி ஓட்டுப் போடுவார்கள். என்னைப் பார்த்துவிட்டு, "இவரு யாரு?" என்றார்.

"பண்ணுட்டிக்காரரு. பெட்டி பாக்க வந்திருக்காரு."

"கொஞ்சம் தனியாப் பேசணும்."

"வெளியாளு முன்னால பேசக்கூடாத பேச்சுன்னா வேணாமே, தம்புசாமி."

தம்புசாமி பெட்டியைத் தடவிப் பார்த்தார். "அவன் ஆளு பாத்துட்டுப் போயிட்டான். இன்னும் முத்திர வைக்கல. உள்ள ஒரு சின்னத் திருகாணி வச்சிடுங்க முசே. நம்ம பக்கத்து ஆளு அதத் திருகிட்டுப் பிடிய இழுத்தா நம்பர் ஏறணும், மணி மட்டும் அடிக்கக்கூடாது. கையெழுத்துக் கணக்க நாங்க பாத்துக்குறோம். ஒங்களுக்கு அது அர மணி நேர வேல."

"அர மணி நேரம்கூட ஆவாது" என்றார் இஞ்ஞாசி. "ஆனா வைக்க மாட்டேன்."

"அப்ப தோத்துப் போவீங்க. போன தடவ நீங்க கெலிச்சது எங்களாலதான்."

"தெரியும். அதுக்குத்தான நானே எழுதிக் குடுத்து வுட்டேன்."

தம்புசாமி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இஞ்ஞாசி பெட்டியைத் துடைத்துத் துணியில் சுற்றினார். கூடவே மேரி வரைக்கும் போனேன்.

அன்று நான் தங்கியது பெரிய கடைத்தெருவுக்கு அருகில் ஒரு காப்பி கிளப்பின் மாடியில். அறை எட்டணா, சாப்பாடு மூன்றணா. மூட்டைப்பூச்சி உண்டு. ஆனால் காப்பி முதல்தரம். கடற்காற்று வேண்டுமானால் தெற்கு ஜன்னல் அறையைக் கேட்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள். இடம் ஒரு சிறிய பள்ளிக்கூடம். எந்தத் தெரு என்று எழுத வேண்டாமென இஞ்ஞாசி கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். ஓட்டு ஆண்களுக்கு மட்டும்தான். ஆனால் வெளியே பூவரச மர நிழலில் ஆணும் பெண்ணுமாக ஊரே உட்கார்ந்திருந்தது. உள்ளே மணி அடிப்பது வெளியே நன்றாகக் கேட்டது. ஒருவர் உள்ளே போவார், டிங் என்று சத்தம் வரும், மரத்தடியில் ஒருவர் ஒரு புளியங்கொட்டையை இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்குத் தள்ளுவார். ஊரே சேர்ந்து கணக்குப் பிடிக்கும் தேர்தலை நான் அன்றுதான் பார்த்தேன். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. மோர் விற்றார்கள், குடித்தேன்.

பன்னிரண்டு மணி இருக்கும். வாட்டசாட்டமான ஒருவன் உள்ளே போனான். மணி அடிக்கவில்லை. மரத்தடியில் பேச்சு மெல்ல அடங்கியது.

"என்னா, மணியக் காணம்?" என்றார் கொட்டை தள்ளியவர்.

"இன்னும் அடிக்கலயே" என்றது ஒரு பெண் குரல்.

பத்துப் பேர் ஜன்னலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். அந்த ஆள் சீட்டுகளைக் கட்டாக மடித்துப் பெட்டி வாயில் திணிக்கப்போய், அது பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. மூடவும் மூடாது, விழவும் விழாது. மேசையருகே உட்கார்ந்திருந்த அதிகாரி திகைத்துப்போயிருந்தார். அவன் தம்புசாமியின் படகாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதிகாரி, "யார் ஆளு நீ?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சுவரோரம் நின்ற இஞ்ஞாசி முன்னால் வந்தார். "எங்க பக்கத்து ஆளுதான். எனக்காகத்தான் போட வந்தான். அத்தனையும் எடுத்துக் கிழிச்சுப் போடுங்க. இவனோட ஒத்த ஓட்டும் சேராது."

தணிகாசலம் எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தார். பெரிய சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். இஞ்ஞாசியும் தன் சாவியை வைத்தார். எல்லோர் முன்னாலும் பூட்டைத் திறந்து, சீட்டுக் கட்டை எடுத்துவிட்டு, மறுபடி பூட்டினார்கள். கண்ணாடிக்குள் எண் ஏறவே இல்லை. அடுத்தவர் வந்து போட்டார். டிங். மரத்தடியில் கைதட்டினார்கள்.

அதன் பிறகு படகாட்கள் ஒருவர்கூட வரவில்லை. தம்புசாமி சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் மணி எப்போதாவதுதான் அடித்தது. இஞ்ஞாசி வாசலைப் பார்ப்பதும் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுமாக இருந்தார்.

சாயங்காலம் எண்ணினார்கள். கண்ணாடியில் அறுநூற்றுப் பன்னிரண்டு. உள்ளே சீட்டு அறுநூற்றுப் பன்னிரண்டு. ஓட்டுப் போட்டுக் கையெழுத்து வைத்தவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். புளியங்கொட்டையில் மட்டும் இரண்டு குறைந்தது. தணிகாசலத்துக்கு முந்நூற்றுப் பதினெட்டு, இஞ்ஞாசிக்கு இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. இருபத்துநான்கு ஓட்டில் தோற்றார்.

ஜெயித்தவர் மாலையோடு தெருவில் போகவில்லை என்பதை இங்கே எழுத வேண்டும். தணிகாசலம் நேரே இஞ்ஞாசியிடம் வந்தார். "போன தடவ நான் கத்துனப்ப ஒருத்தனும் நம்பல முசே. இந்தத் தடவ நான் கெலிச்சத எவனும் இல்லேன்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மதலேனம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "எத்தனையில?" என்று கேட்டார்.

"இருபத்திநாலு."

"எனக்கு ஓட்டு இருந்திருந்தா இருபத்திமூணு" என்றார் அந்தம்மாள். இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

இருட்டுவதற்கு முன் அவரோடு கடற்கரைக்கு நடந்தேன். கடல் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அலைக்கு வெளியே ஒரு கப்பல் நின்றது. அதிலிருந்து படகுகள் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தன. வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

"இல்லேன்னா பொய்யி" என்றார். "காலைலருந்து ஒவ்வொரு மணிக்கும் மனசு, இது எனக்கு, இது எனக்குன்னு எண்ணிக்கிட்டே இருந்துச்சி. மத்தியானம் வரைக்கும் கெலிச்சிட்டேன்னே நெனச்சேன். அந்தத் திருகாணி விஷயம் ரெண்டு தடவ ஞாபகம் வந்துச்சி. மறைக்கக்கூடாது பாருங்க." பிறகு, "பிடி கொஞ்சம் ஒசரம். குள்ளமான ஆளுங்க எட்டி இழுக்குறாங்க. ஒங்க பெட்டிக்கு அத எறக்கி வச்சிடுறேன்" என்றார்.

எங்கள் சங்கத்துக்கு அவரே ஒரு பெட்டி செய்து ரயில் பார்சலில் அனுப்புவதாக ஏற்பாடு. இயந்திரச் சாமானைக் கையோடு கொண்டுவந்தால் எல்லையில் பாதி நாள் போய்விடும் என்று மாணிக்கம் எச்சரித்திருந்தார். அவர் சொன்னது சரி. நான் திரும்பிய ரயிலில் ஒருவர் சுவர்க்கடிகாரம் கொண்டுவந்து பட்ட பாட்டை நானே பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு விடைபெற்றுக்கொள்ளப் போனேன். தோற்ற வீடு, அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாசலில் ஒரு பெண் இடுப்பில் வெறுங்குடத்தோடு நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"தெருக்குழா ராத்திரிலருந்து ஒழுவுது முசே. பாதித் தண்ணி சாக்கடைக்குப் போவுது."

"நான் இப்ப கொன்சேயே இல்லம்மா" என்றார் இஞ்ஞாசி. "மேரில போயிச் சொல்லு. தணிகாசலத்துக்கிட்ட சொல்லு."

"மேரி பத்து மணிக்குத் தெறப்பாங்க. அவரு மரக்கட வச்சிருக்காரு, அவருக்குக் குழாயப் பத்தி என்னா தெரியும்? தண்ணி இப்பத்தான போவுது. வாங்க."

இஞ்ஞாசி மனைவியைப் பார்த்தார். மதலேனம்மாள் ஏற்கெனவே திருகுசாவியை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வண்டிக்கு நேரம் இருக்குதில்ல? நீங்களும் வாங்களேன்" என்றார். அரை மணி நேரம் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டி முழங்கால் வரை நனைந்தது. அந்தத் தெருவுக்குக் குழாய் வந்ததே இவர் நகரசபையில் இருந்தபோதுதான் என்று அந்தப் பெண்தான் சொன்னாள். அவர் அதைப் பற்றி மூச்சே விட்டிருக்கவில்லை.

பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறவர்கள் சிலையையும் மாளிகையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். புதுச்சேரியில் அவையும் இருக்கின்றன, பாருங்கள். கூடவே இவரையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல்தான். எந்தப் புஷ்புஷ்காரரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார், இரண்டணாவுக்கு மேல் கொடுக்க வேண்டாம். காலையில் போங்கள். பட்டறை பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் எந்தத் தெருவில் குழாய் ஒழுகுகிறது என்று விசாரித்துக்கொண்டு அங்கே போங்கள், இருப்பார்.